கோட்டூர் சேறும் ஒட்டாவா பனியும்

மன்னார்குடியில் முப்பது வருடத்துக்கு மேல் வாடகைக் கார் ஓட்டியவன் நான். பனியில் காருக்குப் பிடிமானம் வரவழைப்பது பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு குளிர்காலத்தில் கனடாவின் ஒட்டாவாவில் மாப்பிள்ளையின் காரைப் பின்னால் நின்று தள்ளிய தகுதிதான். அங்கே ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் ஓட்டுகிறவனைவிடத் தள்ளுகிறவனுக்கு நிறையத் தெரியும். சக்கரம் என்ன செய்கிறது என்பது வெளியே நிற்கிறவன் கண்ணுக்குத்தானே படும்.

முதலில் சேற்றுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் பனிக் கதை விளங்காது.

2005 கார்த்திகை. அந்த வருடம் அடைமழை விட்டு விட்டுக் கொட்டித் தீர்த்தது. கோட்டூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பதினாறாம் நாள் காரியம் என்று ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனேன். டீசல் அம்பாசிடர். தார் ரோடு முடிந்து வாய்க்கால் கரையில் ஒரு கிலோமீட்டர் மண்பாதை. காலையில் எப்படியோ உள்ளே போய்விட்டேன். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினால், பாதி வழியில் பின் சக்கரம் இரண்டும் இறங்கிவிட்டது.

எங்கள் பக்கத்து மண் அப்படி. கடைமடையை நோக்கிப் போகப் போகக் களி கனத்துக்கொண்டே வரும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிளந்து கிடக்கும் அதே மண், ஐப்பசியில் தண்ணீரைக் குடித்து உப்பி வெண்ணெயாகிவிடும். அதில் மாட்டினால் எல்லா டிரைவரும் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன். ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி அலறியது, சேறு பனைமர உயரத்துக்குப் பறந்தது, காரியத்துக்கு வந்த பெரியவரின் வெள்ளை வேட்டி நாசம். வண்டி ஒரு அடி நகர்ந்தது, கீழ்நோக்கி. இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவில் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

அப்போது கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும். "ரேஸ் குடுக்காத தம்பி. சக்கரம் சுத்துனா வண்டி நவுராது. நீ கெணறுல்ல வெட்டிக்கிட்டிருக்க" என்றார். மம்பட்டி எடுத்து வரச் சொன்னார். சக்கரத்துக்கு முன்னால் மட்டுமில்லை, வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருந்த மண்ணையும் வெட்டி எடுக்கச் சொன்னார். அதற்கே முக்கால் மணி நேரம். பிறகு குழியின் முன்பக்கத்தைச் சரிவாக வெட்டி, இரண்டு தென்னை மட்டையைக் குறுக்கே போடாமல் நீளவாக்கில் செருகி, அதன்மேல் காய்ந்த வைக்கோலைப் பரப்பினார். இரண்டு பேரை டிக்கியின் மேல் ஏறி உட்காரச் சொன்னார். "இப்ப ரெண்டாவது கியர்ல மெல்ல எடு. மாடு எழுந்திருக்கிற மாதிரி எழுந்திருக்கணும்" என்றார்.

ஹாஃப் கிளட்ச்சில் எடுத்தேன். எழுந்தது.

டிக்கி மேல் ஆளை உட்கார வைத்ததற்கும் இரண்டாவது கியருக்கும் காரணம் எனக்கு அன்று புரியவில்லை. பின்னால் மெக்கானிக் பட்டறையில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் புரிந்தது. ஒரு காரைத் தரையோடு சேர்த்துப் பிடித்திருப்பது நான்கு டயரும் தரையைத் தொடும் நான்கு உள்ளங்கை அகல இடம்தான். தரை எவ்வளவு பிடி கொடுக்கிறதோ அவ்வளவு விசையைத்தான் அந்த இடம் தாங்கும். அதற்கு மேல் என்ஜின் கொடுத்தால் டயர் வழுக்கிச் சுற்றும். சுற்ற ஆரம்பித்ததும் பிடி இன்னும் குறையும். ஃபர்ஸ்ட் கியரில் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு அதிகம், செகண்டில் குறைவு. அதனால் வழுக்கும் தரையில் செகண்ட் நல்லது. அம்பாசிடரில் என்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். பின்னால் பாரம் ஏற்றினால் இழுக்கிற சக்கரத்துக்கு அழுத்தம் கூடும். இதில் இன்னொரு வம்பு, டிஃபரன்ஷியல் என்பது எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதைச் சுற்றவிடும். ஒரு சக்கரம் சேற்றில், இன்னொன்று கெட்டித் தரையில் என்றால் கெட்டித் தரையில் இருப்பது சும்மா நிற்கும். பழைய டிரைவர்கள் பின் சக்கர இழுவை வண்டியில் ஹேண்ட்பிரேக்கை இரண்டு பல் மட்டும் தூக்கிக்கொண்டு மெல்ல எடுப்பார்கள். வீணாகச் சுற்றும் சக்கரத்துக்குக் கொஞ்சம் தடை கிடைத்து, மற்ற சக்கரத்துக்கும் விசை போகும்.

சரி, ஒட்டாவாவுக்கு வருவோம்.

2017 டிசம்பரில் மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் போனோம். பனி என்றால் நமக்கு மார்கழிப் பனி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. அங்கே அதே சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மேலிருந்து பஞ்சு மாதிரி விழுவது ஒன்று. அது மிதிபட்டு இறுகி மெழுகிய தரை மாதிரி ஆவது ஒன்று. உருகி மறுபடி உறைந்து கண்ணாடியாவது ஒன்று. இந்தக் கடைசி வகை தார் மேல் கண்ணுக்கே தெரியாமல் படிந்தால் அதற்கு பிளாக் ஐஸ் என்று பெயர். ரோடு நனைந்திருக்கிறது என்றுதான் தோன்றும். பாலத்தின் மேல் முதலில் வரும், கீழேயும் குளிர்காற்று போவதால். அங்கிருக்கும் நம் ஆட்களே ஸ்னோ, ஐஸ் என்றுதான் பிரித்துச் சொல்கிறார்கள். நானும் இனி மெத்தையாகக் கிடப்பதைப் பனி என்றும் கண்ணாடியாக உறைந்ததை ஐஸ் என்றும் சொல்கிறேன்.

போன இரண்டாவது வாரம். ராத்திரி முழுக்கப் பனி. விடியற்காலையில் நகராட்சி வண்டி தெருவைத் தள்ளிச் சுத்தம் செய்துகொண்டே போனது. தெரு சுத்தமானது, ஆனால் தள்ளிய பனியெல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வரப்பு போட்ட மாதிரி நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்கு அவசரம். வேகமாகப் போய் அந்த வரப்பின் மேல் ஏற்றிவிட்டார். வண்டியின் வயிறு பனி மேல் உட்கார்ந்துவிட்டது, முன் சக்கரம் இரண்டும் சுற்றுகிறது. அவர் மிதிக்கிறார், அது ஊளையிடுகிறது. நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டூர் கரையில் நின்ற மாதிரியே இருந்தது.

மகளின் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவர் காரின் கால்மிதியை எடுத்து டயருக்கு முன்னால் போட்டு மறுபடி மிதித்தார். அது டயருக்கு அடியில் போய், பின்பக்கமாகச் சீறிக்கொண்டு வந்து, எதிர் வீட்டு வேலி ஓரம் விழுந்தது. நான் நாலு அடி தள்ளி நின்றதால் முழங்கால் தப்பியது. டயருக்கு அடியில் எதைப் போட்டாலும் அது பறந்து வரும் என்பதை நினைவில் வையுங்கள். சேற்றில் மட்டை, பனியில் மிதியடி, எதுவானாலும் சக்கரத்துக்கு நேர் பின்னாலோ நேர் முன்னாலோ யாரும் நிற்கக்கூடாது.

"மாப்ளே, காலை எடுங்க" என்றேன்.

"இல்ல மாமா, கொஞ்சம் விட்டா வந்துரும்."

"வராது. இறங்குங்க."

மாமனார் சொன்னால் தட்ட முடியாதே. இறங்கினார். இரண்டு பேரும் பனிவாரியை எடுத்தோம். நான் முதலில் காட்டியது சைலன்சர் குழாயை. பனி அடைத்துக்கொண்டிருந்தது. அதோடு என்ஜினை ஓட விட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால், கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும். வாசனையே இருக்காது, ஆளைக் கொல்லும். பனியில் மாட்டினால் முதல் வேலை அந்தக் குழாயைத் திறப்பதுதான். சேற்றில் மாட்டியபோது நான் யோசிக்காத விஷயம் இது. அதைச் சொல்லித் தந்தது என் மகள். வந்திறங்கிய அன்றே, "அப்பா, வண்டிக்குள்ள சூடா இருக்குன்னு உக்காந்துடாதீங்க" என்று எச்சரித்திருந்தாள்.

அப்புறம் வயிற்றுக்கு அடியில் இருந்த பனி, அப்புறம் நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும். இழுக்கிற சக்கரத்துக்கு மட்டும் வெட்டினால் போதாது. சும்மா உருளும் சக்கரமும் ஒரு வரப்பில் ஏறித்தானே ஆக வேண்டும். ஸ்டியரிங்கை நேராக வைக்கச் சொன்னேன். ஒடித்து வைத்த சக்கரம் கலப்பை மாதிரி பனியைத் தள்ளும். டேஷ்போர்டில் வழுக்கும் காரின் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது, டிராக்‌ஷன் கண்ட்ரோல். சக்கரம் வழுக்கினால் அது என்ஜின் விசையைக் குறைத்துவிடும். ஓடும்போது நல்ல துணைதான். மாட்டிக்கொண்ட நேரத்தில் மட்டும் அதை அணைத்தால்தான் சக்கரத்துக்குக் கொஞ்சமாவது வேலை கிடைக்கும். வெளியே வந்ததும் மறக்காமல் போட்டுவிட வேண்டும்.

அவருடையது ஆட்டோமேட்டிக் கியர். கிளட்ச் இல்லை. "ஆக்சிலேட்டரைத் தொடாதீங்க. பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுங்க, அதுவா ஊரட்டும்" என்றேன். ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. ரிவர்ஸ் போட்டு ஒரு சாண் பின்னால். மறுபடி முன்னால். ஊஞ்சல் ஆட்டுவது போல. ஒவ்வொரு தடவையும் சக்கரம் முழுதாக நின்ற பிறகே கியரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் போய்விடும். நாலைந்து தடவைக்கு மேல் ஆட்டவும் கூடாது, சூடாகிவிடும். மூன்றாவது ஆட்டத்தில் நான் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினேன். இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை கடையிலிருந்து ஒரு மூட்டை தூக்கி வந்தார். "மாமா, இது டிக்கியில இருக்கட்டும். டயருக்கு முன்னாடி தூவுனா கிரிப் கிடைக்குமாம்" என்றார். பிரித்துப் பார்த்தேன். களிமண்! வீட்டுப் பூனைகள் கழிப்பதற்கு வைக்கும் மண் அது, பொடிப்பொடிக் குருணையாக. என்னைக் கோட்டூரில் கவிழ்த்த அதே களியைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார் மனிதர். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஈரம் பட்டால் உருண்டு கட்டியாகும் வகை ஒன்று, ஆகாத வகை ஒன்று. கட்டியாகும் வகை பென்டோனைட் களி. நம் டெல்டாக் களியும் அதே சாதிதான், தண்ணீரைக் குடித்து உப்பும். அதைப் பனியில் தூவினால் வழுவழுப்பாகி இன்னும் மோசமாகும். கட்டியாகாத வகைதான் வேண்டும். அவர் வாங்கி வந்தது கட்டியாகும் வகை! திருப்பிக் கொடுத்துவிட்டு, பேசாமல் ஒரு மூட்டைக் கரடுமுரடான மணலை வாங்கச் சொன்னேன். என் அனுபவத்தில் ஆற்றுமணலுக்கு ஈடு எதுவும் இல்லை, இங்கேயும் சரி, அங்கேயும் சரி.

அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயம் இருக்கிறது. மைனஸ் 25 டிகிரியில் உறைந்து கிடந்த ரோட்டில் கார் ஓரளவு ஒழுங்காகப் போகும். வெயில் அடித்து பூஜ்யத்தை ஒட்டி வரும் நாளில்தான் எல்லா வண்டியும் ஆட்டம் போடும். ஐஸ் மேல் மெல்லிசாக ஒரு தண்ணீர்ப் படலம் நிற்கும் அல்லவா, அதுதான் ஆளை விழத்தாட்டுவது. நம் ஊரிலும் கணக்கு அதுவேதான். காய்ந்த களிமண் கரை கல்லு மாதிரி. கெட்டித் தரையில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் தடவித் தடவிப் போய்விடலாம். ஆனால் பத்து நிமிஷம் தூறிவிட்டு நின்ற கரையில் இறங்காதீர்கள். மேலே ஒரு விரற்கடை மட்டும் நனைந்து, கீழே காய்ந்திருக்கும். அது எண்ணெய் தடவிய சிலேட்டு. தார் ரோட்டிலும் கோடைக்குப் பிறகு முதல் மழையின் முதல் அரை மணி நேரம்தான் மோசம். அதுவரை படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து நிற்கும். நன்றாகக் கொட்டி அலம்பிவிட்டால் பிறகு பரவாயில்லை. பெருமழையில் பயந்து தூறலில் தைரியமாகப் போகிறவர்கள்தான் அதிகம். அது தலைகீழ்.

ஒட்டாவா ரோடுகளில் உப்பைக் கொட்டுகிறார்கள், லாரி லாரியாக. வேதாரண்யத்தில் உப்பு அம்பாரங்களைப் பார்த்துப் பழகிய எனக்கே திகைப்பாக இருந்தது. உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாது என்பதுதான் கணக்கு. ஆனால் குளிர் மைனஸ் 10-ஐத் தாண்டிக் கீழே போகப் போக உப்பு வேலை செய்வது குறைந்துவிடும். அப்போது பொடிக்கல், மணல்தான். உப்பு படிந்த கார்களின் அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர்கிறது. வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டிகளின் கதவு அடியைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல.

மாப்பிள்ளை வண்டியில் அப்போது இருந்தது எல்லாக் காலத்துக்கும் என்று விற்கிற டயர். அதன் ஓரத்தில் எம் பிளஸ் எஸ் என்று எழுதியிருந்தது. எம் என்றால் மட், நம் சேறுதான். எஸ் என்றால் ஸ்னோ. அதை நம்பி அவர் இரண்டு குளிர்காலம் ஓட்டியிருக்கிறார். ஆனால் அந்த எழுத்து பட்டன் அமைப்பைத்தான், அதாவது டயர் மேல் கட்டை கட்டையாக நிற்கும் ரப்பரின் வடிவத்தைத்தான் சொல்கிறது. குளிரில் சோதித்துத் தேறிய டயர் என்றால், மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் வரைந்திருக்கும். 7 டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். மைனஸ் 20-இல் நான் அதை விரலால் அழுத்திப் பார்த்தேன், பிளாஸ்டிக் வாளி மாதிரி இருந்தது. குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் மெத்தென்று இருக்கிறது. அதன் பட்டன் ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறிய மாதிரி நூறு கோடுகள். அவைதான் பனியைக் கவ்வுகின்றன.

மாப்பிள்ளையின் ஆபீஸ் ஆற்றுக்கு அந்தக் கரையில், கியூபெக் மாகாணத்தில். அங்கே பதிவான கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம், இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. வீடு இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி தரவேண்டும் என்று மட்டும் 2016 முதல் விதி. "கட்டாயம் இல்லையே மாமா" என்றார். "ஹெல்மெட்டும் அப்படித்தான் ஒரு காலத்துல" என்றேன். பொங்கலுக்கு முன்னால் நான்கு டயரும் மாற்றினார். முதலில் முன்னால் இரண்டு மட்டும் போடப் பார்த்தார், காசு மிச்சம் என்று. கடைக்காரரே வேண்டாம் என்றார். முன் பக்கம் பிடித்து, பின் பக்கம் பிடிக்காவிட்டால் பிரேக் போட்டதும் வால் முன்னால் வந்துவிடும். புதுடயர் போட்டதற்குப் பிறகு நான் ஊருக்குத் திரும்பும்வரை வண்டியைத் தள்ள ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. குளிர் கூடினால் டயரில் காற்றழுத்தம் தானாகக் குறையும், ஏறக்குறைய 5, 6 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ. அதனால் அங்கே மாதத்துக்கு ஒரு முறையாவது பார்த்தாக வேண்டும். காற்றைக் குறைத்தால் கிரிப் கூடும் என்று சொல்வது கோடியக்கரை மாதிரி உதிரி மணலுக்குச் சரி. அங்கே 30-ஐ 20-க்கு இறக்கிக்கொண்டு ஊர்ந்து போய், ரோட்டுக்கு வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம். ஐஸில் அது பலிக்காது. நம் களியிலும் பெரிதாகப் பலிப்பதில்லை. பட்டன் இடுக்கெல்லாம் களி அடைத்து டயரே மொட்டையாகிவிடுகிறதே, காற்றைக் குறைத்து என்ன பயன்? நிஜமாகவே பட்டன் தேய்ந்த டயர் என்றால் கேட்கவே வேண்டாம். பள்ளத்துக்குள் சின்ன மேடு மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். ரப்பர் அந்த மேட்டோடு சமமானால் சட்டப்படியே டயர் முடிந்தது. நான் மழைக்காலத்துக்கு முன்பு 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலே மாற்றிவிடுவேன். தார் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் வண்டி மிதப்பதற்குப் பட்டன் தேய்ந்தது ஒரு முக்கியக் காரணம். வேகமும் சேர்ந்தால் ஸ்டியரிங் காற்றில் சுற்றுவது போல இலேசாகிவிடும். அப்போது பிரேக்கைத் தொடாமல், காலை எடுத்துவிட்டு, நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இனி என் முட்டாள்தனம். ஊருக்கு வந்த பிறகு, அம்பாசிடருக்குப் பதிலாக வாங்கிய சின்ன காரில் நடந்தது. 2019 தை. அறுப்பு முடிந்து, அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு மூட்டை அரிசியை டிக்கியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முந்தின ராத்திரி எதிர்பாராத மழை. பாமணியாற்றுக் கரைக்கு ஏறும் சரிவில் முன் சக்கரம் இரண்டும் வழுக்கியது. நான்தான் பெரிய அனுபவசாலி ஆயிற்றே. அண்ணன் மகன்களைக் கூப்பிட்டு, "டிக்கிப் பக்கம் அழுத்திப் பிடிங்கடா" என்றேன். அழுத்த அழுத்த மோசமானது. அப்போதுதான் உறைத்தது. இது முன் சக்கர இழுவை வண்டி. பின்னால் பாரம் ஏற்றினால் முன்பக்கம் தூக்கும், இழுக்கிற சக்கரத்துக்கு அழுத்தம் குறையும். சரிவில் ஏறும்போது எடை ஏற்கெனவே பின்னால் சாய்ந்திருக்கும். போதாததற்கு 2 மூட்டை அரிசி, 2 தடியன்கள்.

ஒட்டாவாவில் எதிர் வீட்டுக்காரர் தன் வீட்டுச் சரிவில் எப்போதும் ரிவர்ஸிலேயே ஏறுவார். பைத்தியமோ என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளைதான் விளக்கினார். முன் சக்கர வண்டி ரிவர்ஸில் ஏறினால் என்ஜின் இருக்கும் பக்கம் கீழே இருக்கும், எடை பெரும்பாலும் இழுக்கிற சக்கரத்தின் மேல் விழும். அன்று பாமணியாற்றில் அதையே செய்தேன். மூட்டையை இறக்கினேன், வண்டியைத் திருப்பினேன், ரிவர்ஸில் மெல்ல ஏறினேன். ஒரே மூச்சில் கரை மேல் நின்றது. அண்ணன் மகன்கள் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள், சித்தப்பா கனடா போய் வந்ததிலிருந்து பின்னாலேயே போகிறார் என்று. உங்கள் வண்டி எந்தச் சக்கரத்தில் இழுக்கிறது என்று தெரியாவிட்டால், மழைக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இப்போதைய சின்ன கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம்.

வைக்கோலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சேற்றுக்குள் வைக்கோல் நல்ல பிடி. தார் ரோட்டின் மேல் அதுவே எமன். எங்கள் பக்கம் அறுவடை நேரத்தில் ரோட்டில்தான் நெல்லைக் காய வைப்பார்கள். களம் போதாது, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கேட்பார்கள், என்ன செய்வார்கள் பாவம். உதிரி நெல் டயருக்கு அடியில் உருளும், பால்ரஸ் கொட்டிய மாதிரி. அதன் மேல் ஏறும்போது பிரேக்கும் கூடாது, திருப்பலும் கூடாது. முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நேராகக் கடந்துவிட வேண்டும். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு வேதாரண்யம் பக்கம் நிவாரணச் சாமான் கொண்டு போனேன். வழி நெடுக விழுந்து நசுங்கிய தென்னங்கீற்றும் இலையும் ஈரத்தோடு தார் மேல் அப்பிக் கிடந்தது. இரண்டு மாத ஐஸ் அனுபவம் அங்கேதான் கைகொடுத்தது. இன்னொன்று, டயருக்கு அடியில் போட்ட வைக்கோல் இழை அடிப்பக்கம் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடித்த வண்டிகள் உண்டு. வெளியே வந்ததும் குனிந்து பார்த்துப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நான்கு சக்கர இழுவை வண்டி வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று சொல்லும் இளைஞர்களோடு நான் வாதாடுவதில்லை. புறப்படுவதற்கு அது உதவும், உண்மைதான். நிற்பதற்கு உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஒட்டாவாவில் பனி கொட்டிய காலைகளில் ரோட்டோரப் பள்ளத்தில் நான் பார்த்த வண்டிகளில் பெரிய வண்டிகள் குறைவில்லை. சுலபமாகப் புறப்பட்ட தைரியத்தில் வேகமாகப் போயிருப்பார்கள். பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் பிரேக் பெடல் காலுக்கு அடியில் கடகடவென்று உதறினால் பயந்து காலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். என் அம்பாசிடரில் அது கிடையாது, விட்டு விட்டு மிதிப்பதுதான் வழி. திருப்புவதானால் திருப்பு, பிரேக் பிடிப்பதானால் பிடி, இரண்டையும் ஒன்றாகச் செய்யாதே என்பது எந்த வண்டிக்கும் பொருந்தும்.

டிராக்டர் வைத்து இழுக்கும் நிலை வந்தால், கயிற்றை எங்கே கட்டுவது என்று தெரியாமல் ஆக்சிலிலும் பம்பரிலும் கட்டிப் பிய்த்துவிடுகிறார்கள். ஸ்டெப்னி பக்கத்தில் இருக்கும் டூல்ஸ் பையில் ஒரு திருகு கொக்கி இருக்கும். பம்பரில் சின்னதாக ஒரு மூடி, அதைத் திறந்து மாட்டவேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மழையில் தேடாமல், ஒரு நாள் பகலில் எடுத்து மாட்டிப் பார்த்துவிடுங்கள். டிராக்டர்காரரிடம் வெட்டி இழுக்காமல் கயிற்றை விறைப்பாக்கிக்கொண்டு மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வரும், வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளை முதலில் விரட்டுங்கள்.

ஐப்பசி பிறந்தால் என் டிக்கியில் குட்டைக் கைப்பிடி போட்ட மம்பட்டி ஒன்று, அரை மூட்டை மணல், இரண்டு பழைய சணல் சாக்கு, ஒரு டார்ச் இருக்கும். சாக்கு மிதியடியை விட நல்லது, சேற்றை உறிஞ்சி டயரோடு ஒட்டும். மட்டைக்குக் கவலையில்லை, டெல்டாவில் எங்கே நின்றாலும் நாலு அடியில் ஒரு தென்னை.

போன பிப்ரவரியில் மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தார். குரலில் கலவரம். "மாமா, நேத்து பனியில மாட்டி வெளிய வந்தேன். இப்ப 60-க்கு மேல போனா ஸ்டியரிங் நடுங்குது. அலைன்மென்ட் போயிருச்சு போல." பேரன் பின்னால் நின்று கையாட்டினான்.

"சக்கரத்து உள்பக்கம் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அங்கே பனி அப்பி உறைந்திருக்கும், ஒரு பக்கம் கனமாகி ஆட்டும். நம் பக்கம் களி அப்பினாலும் அதேதான், தார் ரோட்டில் ஏறியதும் நடுங்கும். நான் வாய்க்காலில் இரண்டு குடம் மொண்டு ஊற்றி, குச்சியால் சுரண்டிவிடுவேன். அவர் போனைப் பேரன் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். டக் டக்கென்று பூட்ஸால் உதைக்கும் சத்தம் இங்கே கேட்டது.